தேயிலைத் தூரும் கடைசல் பேனாவும்

மலையகத்தில் பேனா என்பது நெடுங்காலமாகத் தொழிலாளியின் கையில் இருந்த பொருளன்று. அது கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில் இருந்த பொருள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் பதிந்ததும், மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிறையைக் குறித்ததும், நிறை குறைந்த நாளில் முழுப்பேரை அரைப்பேராக்கியதும் அந்தப் பேனாதான். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குத் தொழிலாளி செல்ல முடியுமா என்பதைத் தீர்மானித்த 'துண்டு' முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அந்தத் துண்டும் பேனாவால் எழுதப்பட்டதே. தொழிலாளியின் பங்குக்கு எஞ்சியது மையில் தோய்த்த பெருவிரல் மாத்திரம்.

அந்தப் பேனாவையே தேயிலைச் செடியின் அடிக்கட்டையிலிருந்து கடைந்தெடுக்க முடியும் என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். இது வேடிக்கையான யோசனையாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், தோட்டத்து இளைஞர்கள் கொழும்பின் கடைகளையும் மத்திய கிழக்கையும் நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், மலையகத்திலேயே கிடைக்கும் ஒரு மூலப்பொருளையும் மலையகத்துக்கு அந்நியமல்லாத ஒரு தொழிலையும் பற்றிச் சற்று விபரமாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் உலக நிலைமையைப் பார்ப்போம். கடந்த சில தசாப்தங்களில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மரப் பேனா கடைவது ஒரு பொழுதுபோக்காக வளர்ந்து, பலருக்குச் சிறு தொழிலாகவும் மாறியிருக்கிறது. கடையில் வாங்கும் மலிவான பேனா எழுதுவதைவிட மரப் பேனா ஒன்றும் அழகாக எழுதிவிடுவதில்லை. வாங்குபவர் விலை கொடுப்பது அந்த மரம் எங்கிருந்து வந்தது என்ற செய்திக்கே. அயர்லாந்தின் சதுப்பு நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகள் புதைந்து கறுத்த ஓக் மரத்தில் கடைந்த பேனா, பழைய விஸ்கிப் பீப்பாயின் பலகையில் கடைந்த பேனா என்று விளம்பரப்படுத்தியே விற்கிறார்கள். அவ்வாறாயின், நூறாண்டுக்கும் மேலாக நான்கு தலைமுறைப் பெண்கள் கொழுந்து பறித்த செடியின் கட்டைக்குச் சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது!

பேனாவுக்கு மதிப்புக் குறைந்துவிட்ட காலமல்லவா இது என்று வாசகர் கேட்கலாம். இந்தக் கட்டுரையை எழுதும் நாமும் விசைப்பலகையைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் சரஸ்வதி பூசையன்று ஏட்டோடு பேனாவையும் வைத்து வணங்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. திருக்குர்ஆனின் 68ஆவது அத்தியாயம் 'அல் கலம்', அதாவது எழுதுகோல், என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. ஓய்வுபெறும் ஆசிரியருக்கும் பட்டம் பெறும் மௌலவிக்கும் கொடுப்பதற்கு இன்றும் பேனாவைவிடப் பொருத்தமான பொருள் நமக்குத் தோன்றுவதில்லை. அன்றாடத் தேவையிலிருந்து பேனா விலகிச் செல்லச் செல்ல, அன்பளிப்பு என்ற வகையில் அதன் மதிப்பு கூடியே வருகிறது.

இனி மரத்துக்கு வருவோம். தேயிலை இடுப்பளவு உயரமுள்ள செடியாக நமக்குத் தெரிவதற்குக் காரணம் கவ்வாத்துக் கத்திதான். வெட்டாமல் விட்டால் அது மரமாக வளரும் இனம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே வெட்டப்பட்டுக்கொண்டே இருப்பதால் அதன் வளர்ச்சியெல்லாம் நிலமட்டத்தை ஒட்டிய அடித்தண்டில் திரண்டு, முறுக்கேறி, முடிச்சு முடிச்சாக இறுகுகிறது. இழை நுண்ணியது. கட்டை கனமானது. வெட்டிய புதிதில் வெளிறிய நிறமாக இருந்து, காய்ந்து மெருகேறும்போது மங்கலான பழுப்பாக மாறும். கடைவதற்கு ஏற்ற குணங்கள் இவை. நேரான நீண்ட பலகையை இதிலிருந்து எடுக்க முடியாது. எனவே தளபாடத் தச்சருக்கு இதனால் பயனில்லை. அசாமில் தேயிலை வேரை அப்படியே சுத்தம் செய்து கண்ணாடி மேசைக்குத் தாங்கியாக்குகிறார்கள். ஆனால் பேனாவுக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய இரண்டரை அங்குல நீளமும் முக்கால் அங்குலச் சதுரமும் கொண்ட இரு துண்டுகள் மட்டுமே. தச்சர் கழிக்கும் முறுக்குத்தான் பேனாவில் அழகாகிறது.

1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து தொடங்கிய விதைத் தேயிலைக் காலம் இன்னமும் முடிந்துவிடவில்லை. நூறாண்டைக் கடந்த விதைத் தேயிலை மலைகள் இப்போதும் இருக்கின்றன. மீள்நடுகைக்காக இவற்றைப் பிடுங்கும்போது ஏக்கரொன்றுக்கு ஆயிரக்கணக்கான தூர்கள் வெளிவருகின்றன. பிடுங்கிய நிலத்தில் உடனே தேயிலை நடப்படுவதில்லை. மண்ணைத் தேற்றுவதற்காக ஒன்றரை இரண்டு ஆண்டுகள் கௌதமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்கும்படி தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. அந்த இடைவெளியில் தூர்கள் என்ன ஆகின்றன? அடுப்புக்குப் போகின்றன. அல்லது ஓரத்தில் குவிந்து கறையானுக்குப் போகின்றன.

எல்லாத் தூரும் பேனாவுக்கு உதவாது. கவ்வாத்து வெட்டு ஆறாத இடத்தில் நீர் இறங்கி உள்ளே உக்கியிருக்கும். மலைநாட்டுக் கறையான் உயிருள்ள செடியின் உள்ளேயே குடைந்திருக்கும். இடைநாட்டுத் தேயிலையில் தண்டு துளைக்கும் வண்டின் தொல்லை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தொடர்வது. ஆனால் இந்த வண்டு குடைந்த துளையைச் சுற்றி மரம் கருமையேறியிருப்பதைக் கடைசல்காரர் குறையாகக் கொள்வதில்லை. துளையில் அரக்கையோ பசையையோ நிரப்பிக் கடைந்தால் புள்ளியிட்டாற்போலத் தெரியும். தோட்டத்துக்கு நட்டம் தந்த பூச்சி பேனாவுக்கு அலங்காரமாகிவிடுகிறது.

பேனா செய்வதில் மிகவும் பொறுமை வேண்டியது கடைவதன்று, காயவைப்பது. பச்சைக் கட்டையை வெயிலில் போட்டால் இரண்டு நாளில் வெடித்துவிடும். வெட்டியவுடன் இரு முனைகளுக்கும் உருக்கிய மெழுகையோ பூச்சையோ தடவ வேண்டும். ஈரம் முனைகள் வழியாகவே விரைந்து வெளியேறுவதால், அந்த வழியை அடைத்துப் பக்கங்கள் வழியாக மெதுவாக வெளியேற விடுவதே இதன் நோக்கம். பின்னர் நிலத்தில் படாமல், நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் அடுக்கிவைக்க வேண்டும். ஓரங்குலப் பருமனுக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது மரவேலையாளர் மத்தியில் வழங்கும் கணக்கு. பேனாத் துண்டுகளாகச் சிறிதாக அறுத்துவிட்டால் சில மாதங்களில் காயும். நுவரெலியாவின் பனியிலும் ஹட்டனின் மழையிலும் இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்விக்கு மலையகத்திலேயே விடை இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியும் உலர்த்தும் அறையை ஒட்டிய பகுதியும் ஈரத்தை அகற்றுவதற்கென்றே அமைந்தவை. அங்கே ஒரு தட்டு இடம் கிடைத்தால் போதும்.

காயவைப்பதில் அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரப் பேனாவின் உள்ளே ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. மரம் அதன்மேல் ஒட்டிய மெல்லிய உறைதான். ஹட்டனில் சரியாகக் காயாத மரத்தில் கடைந்த பேனா கொழும்பில் குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்குப் போனதும் மரம் சுருங்கும். பித்தளை சுருங்காது. ஒரு மாதத்துக்குள் பேனாவின் நீளவாக்கில் மயிரிழை போன்ற வெடிப்பு ஓடும். அன்பளிப்பாகக் கொடுத்தவருக்கும் தலைகுனிவு. அந்தப் பட்டறையிடம் எவரும் இரண்டாவது பேனா வாங்கவும் மாட்டார்கள்.

காய்ந்த துண்டின் நடுவில் 7 மில்லிமீற்றர் அளவில் நீளத்துக்குத் துளையிடப்படும். துளை சிறிது சாய்ந்தாலும் துண்டு வீண். இடையிடையே துளைக்கும் ஊசியை வெளியே எடுத்துத் தூளை அகற்றாவிட்டால் சூடேறி மரம் பிளக்கும். துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசையிட்டுச் செருகி, ஒருநாள் விட்டு, முனைகளைக் குழாயின் மட்டத்துக்குச் சீவிக்கொள்வார்கள். பிறகே லேத் மெசின் என்று நாம் வழக்கில் சொல்லும் கடைசல் பொறிக்கு வேலை. நடுவே ஒரு கம்பியைச் செலுத்தி அதில் துண்டுகளைக் கோத்து, இரு பக்கமும் பேனாவின் இறுதிப் பருமனுக்குச் சமமான உலோக வளையங்களைப் போட்டு இறுக்குவார்கள். அந்த வளையங்களே அளவுகோல். உளி அதன் மட்டத்தைத் தொட்டதும் நிறுத்த வேண்டும்.

நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று வேகத்தில் சுழலும் சதுரக் கட்டை முதலில் உளியில் தட்டுத்தட்டென்று மோதும். மூலைகள் போனதும் ஓசை மாறி, சீரான இரைச்சலாகும். கண்ணைவிடக் காதுதான் இங்கு வழிகாட்டி. உளி மழுங்கினால் மரம் சீவப்படாமல் பிய்க்கப்படும். தேயிலை போன்ற முறுக்கிழை மரத்தில் இது இன்னும் கூடுதலாக நேரும். ஆகவே கடைவதைக் கற்கும் ஒருவர் முதலில் கற்க வேண்டியது உளி தீட்டுவதையே. கவ்வாத்துக் கத்தியை நாள்தோறும் தீட்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்றே எண்ணுகிறோம். உருவம் வந்தபின் அரத்தாளால் சொரசொரப்பானதில் தொடங்கிப் படிப்படியாக மெல்லியதற்குச் சென்று தேய்த்து, மெழுகோ அரக்கோ பூசி மெருகிடுவார்கள். இறுதியில் முள், கவ்வி, மைக்குழல் முதலியவற்றை அழுத்திப் பொருத்தினால் பேனா தயார். கைபழகியவருக்குக் கடைசல் வேலை ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படாது. உடல் வலிமை அதிகம் தேவையில்லாத வேலை என்பதால் பெண்களுக்கும் இது ஏற்றது.

கடைசல் பொறி மலையகத்துக்குப் புதிதன்று. தோட்ட இயந்திரங்களுக்கான பொறியியல் நிறுவனமாக பிரவுண் கம்பனி 1875இல் ஹட்டனில்தான் தொடங்கப்பட்டது. இரும்பைக் கடையும் பட்டறைகள் அதன் பின் இங்கு இல்லாதிருந்த காலமில்லை. மரத்தைக் கடையும் கலையோ அதைவிடப் பன்மடங்கு பழையது. இதே மத்திய மாகாணத்தில், மாத்தளை மாவட்டத்தின் பல்லே ஹபுவித கிராமத்தில், அரக்கு வேலைக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மரத்தைக் கடைந்து வந்திருக்கின்றன. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகால சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அரக்கு வேலைக்கும் இடமளித்தார். சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். அதை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். இன்னொரு முறையில், அரக்கை இளக்கி நூல்போல இழுத்துப் பெருவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கோலமிடுவார்கள். கைத்தடி, ஈட்டிக்காம்பு, விசிறிக்காம்பு, ஓலைச்சுவடியின் மரச்சட்டம் ஆகியவற்றுக்குச் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக அழகூட்டிய கலை அது. விசிறிக்காம்பைக் கடைந்த கைக்குப் பேனா கடைவது பெரிய காரியமன்று.

இந்தியாவில் கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் இதே அரக்குக் கடைசலில் விளையாட்டுப் பொருட்கள் செய்யப்படுகின்றன. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்ததிலிருந்து அத்தொழில் தொடங்கியதென்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. அத்தொழிலில் முஸ்லிம் குடும்பங்கள் பெருமளவில் ஈடுபட்டிருக்கின்றன. பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் உருவான ரத்னம் பேனாவைப் பாராட்டிக் காந்தியடிகள் 1935இல் கடிதம் எழுதியது பலரும் அறிந்தது. தமிழ்நாட்டில் திருவள்ளூரில் கடையப்படும் ரங்கா பேனாக்களை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். இவை பெரும்பாலும் எபனைட் எனப்படும் கடினமாக்கப்பட்ட இறப்பரில் கைக்கருவியால் கடையப்படுபவை. இறப்பர் விளையும் நாட்டிலிருந்து இதை எழுதுகிறோம் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

மரம் இருக்கிறது, பொறி தெரியும், பக்கத்து மாவட்டத்திலேயே ஆசான்கள் இருக்கிறார்கள். பின்னர் தடை எது? பயிற்சியும் மூலதனமும் இல்லாமையே என்று வழக்கமாகச் சொல்லப்படும். அது ஓரளவே உண்மை என்பது நமது கருத்து. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தேசிய அருங்கலைகள் பேரவையும் லக்சலவும் இருக்கின்றன. பயிற்சிநெறியொன்றை ஆரம்பித்து, முப்பது பேருக்குச் சான்றிதழ் வழங்கி, புகைப்படமும் பிரசுரித்துவிடலாம். நாமும் பிரசுரித்திருக்கிறோம். சான்றிதழோடு லயத்துக்குத் திரும்புபவர் கடைசல் பொறியை எங்கே வைப்பார் என்ற கேள்வியே உண்மையான தடை.

லயக் காம்பரா பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஒரு குடும்பம் சமைக்கிறது, உறங்குகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். அங்கே மேசையிட்டுப் பொறியை வைத்தாலும் மரத்தூளை எங்கே போக்குவது? நுண்ணிய மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு. அது நெருப்பையும் விரைவில் பற்றும். மின்னொழுக்கினால் லயங்கள் எரிந்த செய்திகளை அடிக்கடி பிரசுரிக்கும் நாம், பழைய கம்பியிணைப்பில் மேலுமொரு மோட்டாரைப் பூட்டச் சொல்ல முடியாது. லயத்தின் பின்னால் ஒரு கொட்டில் போடலாமே எனில், அந்த நிலம் அவருடையதன்று. 1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோதும், பின்னர் குத்தகைகள் எழுதப்பட்டபோதும் லயத்தின் முற்றமும் அதனுள் அடங்கியது. கொட்டில் போட அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அந்தக் கொட்டிலை ஈடுகாட்டி எந்த வங்கியிலும் கடன் பெற முடியாது.

அதனால்தான் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டத்தை வெறும் வீட்டுத்திட்டமாக மட்டும் நாம் பார்க்கவில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக மீதியில் ஒரு சிறிய பட்டறைக்குத் தாராளமாக இடமுண்டு. எனினும் வீட்டின் திறப்பைக் கையளிக்கும் வைபவத்துக்கும் காணியின் உறுதிப்பத்திரத்தைக் கையளிப்பதற்கும் இடையில் கழியும் காலம், ஒரு கட்டை காய்வதற்கு எடுக்கும் காலத்தைவிடப் பலமடங்கு நீண்டுவிடுகிறது.

அடுத்தது தூரின் உரிமை. பிடுங்கிய தேயிலையை விறகுக்கு எடுத்துச் செல்ல விடுவது தோட்டத்து வழக்கமே ஒழிய, தொழிலாளியின் உரிமையன்று. விறகாக எடுக்கும்வரை எவரும் கேட்கமாட்டார்கள். அதே கட்டை விலைபோகும் பண்டமாகிறது என்று தெரிந்தால் கேள்வி எழும். கம்பனியே தூரை வெளியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட, அவர் கொழும்பில் பட்டறை வைத்து, 'நூறாண்டுத் தேயிலையில் கடைந்தது' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பதைத் தடுக்க ஏதுமில்லை. மரத்தை வீதியால் கொண்டுசெல்வதற்குரிய அனுமதி விடயங்களிலும் பெரிய வியாபாரிக்கே வழி தெரியும். ஆகவே தோட்ட மட்டத்தில் தூரைத் தெரிந்தெடுக்கும் முதலுரிமை அந்தத் தோட்டத்தின் தொழிலாளர் கூட்டுறவொன்றுக்கு எழுத்தில் வழங்கப்பட வேண்டும். மீள்நடுகைக்கு மானியம் வழங்கும்போது அரசாங்கம் இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

பேனாவின் உலோக உறுப்புகள் பெரும்பாலும் தாய்வான், சீனா ஆகிய நாடுகளிலிருந்து பொதிகளாக வருபவை. டொலர் ஏறினால் அவையும் ஏறும். தொடக்கத்தில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. கடையில் கிடைக்கும் சாதாரண மைக்குழலைக் கொள்ளுமளவுக்குத் துளையிட்டு, ஒரே துண்டாகக் கடைந்த மரக்கூட்டில் ஹபுவித அரக்கைப் பூசினால் இறக்குமதிப் பொதியே தேவைப்படாது. மின்சாரமில்லாத இடத்தில் தையல் இயந்திரம்போல் காலால் மிதிக்கும் கடைசல் பொறியையும் அமைக்கலாம். வேகம் குறைவு. ஆனால் பழகுவதற்கு அதுவே பாதுகாப்பானது.

இதையெல்லாம் எழுதிவிட்டுப் பார்க்கும்போது நமக்கே ஓர் ஆட்சேபம் எழுகிறது. தூரை எடுத்துப் பேனா செய்யச் சொல்கிறோம். அந்தத் தூர்தானே லயத்தின் அடுப்பை எரிக்கிறது? 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் 12.5 கிலோ சமையல் எரிவாயுவின் விலை 4,860 ரூபாவை எட்டியது. அந்த நாட்களில் மிலாறும் தேயிலைக் கட்டையும் இல்லாதிருந்திருந்தால் பல அடுப்புகள் புகைந்திருக்காது. 2024இல் நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்ட பின்னரும் விறகின் தேவை குறைந்துவிடவில்லை. அதிலும் பேனாவுக்கு வேண்டிய அடிக்கட்டைதான் அதிக நேரம் நின்றெரிவது. மழைக்காலத்துக்கென்று பெண்கள் தனியே எடுத்துவைப்பதும் அதையே.

எனவே கணக்கு இப்படித்தான் அமைய வேண்டும். ஒரு தூரில் கடைசலுக்குத் தேறுவது ஓரடிக் கட்டைக்கு மேற்படாது. கிளைகளும் வேரும் மீதியும் வழக்கம்போல அடுப்புக்கே போகட்டும். அந்த ஓரடியை மலையிலிருந்து சுமந்து வரும் பெண்ணுக்கு, பேனா விற்றபின் அல்ல, கட்டையை நிறுத்த அன்றே, அதே நிறையுள்ள விறகின் விலையைவிடக் கூடிய ஒரு விலை கையில் கொடுக்கப்பட வேண்டும். நிறையைக் குறிப்பவர் முழுவதையும் குறிக்கிறாரா என்பதை அவரே அருகில் நின்று பார்த்துக்கொள்வார்.